வரலாற்று ஆளுமை பற்றிய குழுப் பிரசன்டேஷன்: தலைப்பு எடுப்பதில் தொடங்கி மறுநாள் துண்டுச்சீட்டு வரை

வகுப்பில் ஒரு வரலாற்று ஆளுமையைப் பற்றிக் குழுவாகப் பேசச் சொன்னால், பெரும்பாலான குழுக்கள் பிறந்த தேதியில் ஆரம்பித்து இறந்த தேதியில் முடிக்கின்றன. கேட்டவர்களுக்கு மறுநாள் மிஞ்சுவது ஒரு பட்டப்பெயரும் ஒரு படமும்தான். அந்த ஆளால் உலகத்தில் என்ன மாறியது, அது எப்படித் தெரியும் என்ற இரண்டும் காணாமல் போய்விடுகின்றன. செல்வாக்கு மிக்கவர் என்று சொல்லித்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தச் செல்வாக்கை நிரூபிப்பதுதான் குழுவின் வேலை, வாழ்க்கைக் குறிப்பு அதற்கு வேண்டிய அளவுக்குப் போதும்.

நான்கு பேர் கொண்ட குழு, மொத்தம் 15 நிமிடம் என்ற கணக்கில் கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன. முழுக்க ஓடும் உதாரணம் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். வேறு சிக்கல்களுக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

கேள்வியை முடிவு செய்வது

பெயரை எழுதியதும் அதன் கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். யார், எதை, எந்த வழியில், எந்தக் காலத்தில் மாற்றினார் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "நைட்டிங்கேல் நவீன செவிலியர் துறையின் தாய்" என்பது அப்படிப்பட்ட வாக்கியம் அல்ல. அது பட்டம், அதை யாரும் மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. "கிரிமியப் போர் 1856இல் முடிந்த பிறகு, நைட்டிங்கேல் இறப்புக் கணக்குகளைப் படமாக வரைந்து காட்டி, ராணுவ மருத்துவமனைகளின் சுகாதாரத்தை அரசு கவனித்தே ஆக வேண்டிய நிலையை உண்டாக்கினார்" என்பதில் நான்கும் இருக்கின்றன. ஆதாரம் எங்கே தேட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

இந்த வாக்கியம் உடையும் இடம் பெரும்பாலும் "கண்டுபிடித்தார்" என்ற சொல். கூட்டன்பர்க் அச்சைக் கண்டுபிடித்தார் என்று எழுதினால், கொரியாவில் 1377இலேயே உலோக எழுத்துகளைக் கொண்டு ஒரு பௌத்த நூல் அச்சிடப்பட்டிருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். கலிலியோ தொலைநோக்கியைக் கண்டுபிடித்தார் என்றால், 1608இலேயே நெதர்லாந்தில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. இரண்டு பேரின் பெருமையும் இதனால் குறையவில்லை. கூட்டன்பர்க் உலோக எழுத்துகளை ஒரே அளவில், வேகமாக வார்க்கும் முறையையும், எண்ணெய் கலந்த மையையும், அழுத்தும் பொறியையும் ஒன்றுசேர்த்தார். கலிலியோ 1609இல் தன் கையால் கருவியைச் செய்து, அதை வானத்தை நோக்கித் திருப்பி, 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைப் பார்த்துக் குறித்து வைத்தார். "கண்டுபிடித்தார்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அவர் செய்த வேலையை எழுதினால் வாக்கியம் தானே உறுதியாகிவிடும்.

வேலையைப் பிரிப்பது

நீ பிறப்பும் படிப்பும், நான் போராட்டம், அவள் சாதனை, இவன் இறுதிக்காலம் என்று வாழ்க்கையைத் துண்டு போட்டுப் பிரிப்பதுதான் வழக்கம். இது கெடுவதற்குக் காரணம் எளிது. ஒவ்வொருவரும் தன் துண்டைத் தனியாகத் தயார் செய்வதால், நான்கு பேரும் அதே பின்னணியை நான்கு முறை சொல்வார்கள். மைய வாக்கியத்துக்கு யாரும் பொறுப்பாக இருக்க மாட்டார்கள். படிப்பைப் பற்றிப் பேச வேண்டியவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, எனவே இணையத்தில் கிடைத்த உப்புச்சப்பில்லாத தகவல்களை அடுக்குவார்.

வேலையின் வகையால் பிரித்தால் இந்தக் குழப்பம் வராது. ஒருவர் "முன்பு என்ன நிலை" என்பதைப் பார்க்க வேண்டும். ஒருவர் "இவர் செய்தது என்ன", ஒருவர் "மாறியதற்கு ஆதாரம் என்ன". நான்காமவர் எதிர்க்கட்சி: வேறு யார் காரணமாக இருக்கலாம், இவரைப் பற்றிய குறை என்ன, எது மிகைப்படுத்தப்பட்டது என்று மட்டுமே தேடுவார். இந்த நான்காவது வேலையைக் குழுவில் நன்றாகப் படிக்கும் ஆளிடம் கொடுங்கள். பிரசன்டேஷனைக் காப்பாற்றுவது அவர்தான்.

தகவலைச் சோதிப்பது

ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரி, நான்கு கட்டம்: தகவல், முதலில் சொன்னவர், சொன்ன ஆண்டு, சம்பவத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி. நோட்டில் கோடு போட்டாலும் போதும். பேச்சில் வரும் தகவல்கள் 20, 25க்கு மேல் போகாது என்பதால் இது ஒரு மாலை வேலைதான்.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். கலிலியோ பீசா கோபுரத்தின் மேலிருந்து குண்டுகளைப் போட்ட கதையை அதில் எழுதிப் பாருங்கள். அது நடந்ததாகச் சொல்லப்படுவது 1590ஐ ஒட்டி. அதை எழுதியவர் அவருடைய மாணவர் விவியானி, அவர் பிறந்ததே 1622இல். பார்த்தவர் எழுதியது அல்ல என்பது இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிடுகிறது. கதையை நீக்கத்தான் வேண்டும் என்பதில்லை. "அவர் மாணவர் பிற்காலத்தில் எழுதியபடி" என்று சேர்த்தால் போதும்.

மேற்கோள்களில் இன்னும் கவனம் வேண்டும். "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்ற வரி காந்தியின் படத்துக்குக் கீழே எங்கும் ஒட்டப்பட்டிருக்கிறது. அவருடைய எழுத்துகளில் அந்த வாக்கியம் இல்லை. நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற பொருளில் 1913இல் அவர் எழுதிய பத்தி உண்டு, அதைப் பயன்படுத்தலாம். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்ற வோல்ட்டேர் வரியும் அப்படித்தான். அவர் இறந்தது 1778இல். அந்த வரி 1906இல் அவரைப் பற்றி எழுதிய ஒருவர், அவர் மனநிலையை விளக்குவதற்காக எழுதியது. சோதனை எளிது: இந்த வரி எந்த நூலில், எந்தக் கடிதத்தில், எந்தத் தேதியில் வருகிறது என்று தேடுங்கள். மேற்கோள் தளங்களில் பெயர் மட்டும் இருந்து, இடமும் தேதியும் இல்லையென்றால் ஸ்லைடில் போடாதீர்கள்.

தேதிகள் முரண்பட்டால் உடனே ஒன்றைத் தவறு என்று தள்ளிவிட வேண்டாம். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்றும் 1643 ஜனவரி 4 என்றும் இருவகையாகக் கிடைக்கும். இரண்டும் சரி. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் வைத்திருந்தது, அப்போது அதற்கும் இத்தாலி போன்ற நாடுகள் ஏற்றிருந்த புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்ற அழகான வரி இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 இத்தாலியின் புதிய நாட்காட்டிப்படி. நியூட்டனின் 1642 பழைய நாட்காட்டிப்படி. இருவரையும் புதிய நாட்காட்டியில் வைத்தால் ஆண்டு பொருந்தாது. இதை ஒரு ஸ்லைடாகவே காட்டலாம், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

படங்களுக்கும் இதே நான்கு கட்டம் உண்டு. கூட்டன்பர்க் 1468இல் இறந்தார். அவர் காலத்தில் வரைந்த உருவப்படம் ஒன்றுகூட இல்லை, தாடியோடு நாம் பார்ப்பதெல்லாம் பிற்காலக் கற்பனை. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க எழ மறுத்துக் கைதான அமெரிக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ், பேருந்து ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற புகைப்படம், 1955 டிசம்பர் 1இல் அவர் கைதான நாளில் எடுத்தது அல்ல. அந்தக் கைதைத் தொடர்ந்து நடந்த பேருந்துப் புறக்கணிப்பு வெற்றி பெற்று முடிந்த பின் 1956 டிசம்பர் 21இல் எடுத்தது, பின் இருக்கையில் இருப்பவர் ஒரு பத்திரிகையாளர். "அவர் எழ மறுத்த கணம்" என்று அதற்குக் கீழே எழுதினால் முழு ஸ்லைடும் பொய்யாகிவிடும். நைட்டிங்கேலின் கையில் ஓவியங்கள் கொடுக்கும் விளக்கும் பல சமயம் தவறுதான். அவர் பயன்படுத்தியது மடிப்பு மடிப்பாக உள்ள துருக்கிய லாந்தர்.

இனி நைட்டிங்கேலின் எண்ணுக்கு வருவோம். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஸ்குடாரி (இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதி) மருத்துவமனையில் இறப்பு விகிதத்தை 42 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு அவர் குறைத்தார் என்ற வரி எங்கும் கிடைக்கும். எதிர்க்கட்சி வேலை பார்ப்பவர் இங்கேதான் உட்கார வேண்டும். அவர் 38 பெண்களோடு ஸ்குடாரிக்கு வந்தது 1854 நவம்பர். அதன் பிறகு வந்த குளிர்காலம்தான் மிக மோசமானது, அங்கே 4,000க்கு மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். 1855 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதார ஆணையம் வந்து சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சரிசெய்த பிறகுதான் இறப்பு வேகமாகக் குறைந்தது. ஆக, சரிவு முழுவதையும் அவர் பெயரில் எழுத முடியாது. அவருடைய பெரிய வேலை அதற்குப் பின்னால் வருகிறது: ஊர் திரும்பி, அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, வீரர்களைக் கொன்றது காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோயே என்று 1858இல் படமாக வரைந்து காட்டினார். எதிர்வாதத்தைத் தேடியதால்தான் மைய வாக்கியம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மூல ஆவணம் கையில் கிடைத்தால் அதில் எது இல்லை என்றும் பாருங்கள். அசோகரின் 13ஆம் பாறைச் சாசனம் கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் இடம்பெயர்க்கப்பட்டதையும் அவர் வருந்தியதையும் சொல்கிறது. ஆனால் கலிங்கத்துக்குள்ளேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தச் சாசனம் வெட்டப்படவில்லை. அங்கே வேறு இரண்டு தனிச் சாசனங்கள் இருக்கின்றன. ஏன் என்று ஒரு குழு 3 நிமிடம் வாதித்தால், பிறப்பு முதல் இறப்பு வரை சொல்லும் 10 நிமிடத்தைவிட அது மேல்.

ஸ்லைடும் சார்ட்டும்

8 ஸ்லைடு போதும். ஒரு ஸ்லைடில் ஒரு செய்தி. தலைப்பில் "சாதனைகள்" என்று போடாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள்: "காயத்தைவிட நோய்தான் அதிக வீரர்களைக் கொன்றது". தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் வாதம் புரிய வேண்டும்.

பின் வரிசைக்குத் தெரியுமா என்று பார்க்க ஒரு கணக்கு: வகுப்பின் திரை 2 மீட்டர் அகலம், கடைசி வரிசை 9 மீட்டர் தூரம் என்றால் விகிதம் 4.5. மடிக்கணினித் திரை 34 செ.மீ. அகலம் என்றால் அதை 4.5ஆல் பெருக்கி, சுமார் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். படிக்க முடியாததை நீக்கிவிட வேண்டும், எழுத்தைச் சுருக்கி நுழைக்கக் கூடாது.

நைட்டிங்கேலின் படத்தைச் சார்ட்டில் திரும்ப வரைவது நல்ல யோசனை, ஆனால் ஒரு தவறு நிச்சயம் வரும். வட்டத்தை 30 டிகிரி வீதம் 12 துண்டாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறோம். இறப்பு எண்ணிக்கையை அப்படியே ஆரமாக வைத்தால் படம் பொய் சொல்லும். கண் பார்ப்பது பரப்பை. ஆரம் 4 மடங்கானால் பரப்பு 16 மடங்காகிவிடும். அவர் படத்தில் எண்ணிக்கையைக் காட்டுவது பரப்புதான். எனவே எண்ணின் வர்க்கமூலத்தை ஆரமாக எடுக்க வேண்டும்: மதிப்பு 100 என்றால் 10 செ.மீ., 49 என்றால் 7 செ.மீ., 25 என்றால் 5 செ.மீ. தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. மூன்றையும் மையத்திலிருந்தே அளக்க வேண்டும், ஒன்றின் விளிம்பிலிருந்து அடுத்ததை ஆரம்பிக்கக் கூடாது. பெரிய ஆரத்தை முதலில் வண்ணமடித்துச் சிறியதை அதன் மேல் அடித்தால் மூன்றும் தெரியும்.

கணினி விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென் டிரைவில் வையுங்கள். வீடியோவை இணைப்பாகக் கொடுக்காமல் கோப்பாகவே எடுத்துப் போங்கள், 40 விநாடிக்கு மேல் வேண்டாம்.

ஒத்திகை

15 நிமிடத்தில் பேச்சு 11, கேள்வி 3, இடம் மாற 1. ஒருவர் ஒரு நிமிடம் நிதானமாகப் படித்து, எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். தமிழில் பெரும்பாலும் 80 முதல் 100 வரை வரும். 90 என்று வைத்தால் 11 நிமிடத்துக்கு 990 சொல், ஆளுக்குச் சுமார் 250. கையெழுத்தில் அது இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். "இவ்வளவுதானா" என்று தோன்றும், ஆனால் அவ்வளவுதான். 500 சொல் எழுதிக்கொண்டு வருபவர் மேடையில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவார், இல்லையென்றால் நான்காமவரின் நேரத்தைச் சாப்பிடுவார். நான்காமவரிடம் இருப்பதோ எதிர்வாதமும் முடிவும். அதனால்தான் பல பிரசன்டேஷன்கள் முடிவே இல்லாமல் "நன்றி" ஸ்லைடுக்குத் தாவுகின்றன.

பார்த்துப் படிப்பதைத் தடுக்க, முழு எழுத்துப் பிரதியை ஒத்திகைக்கு மட்டும் வையுங்கள். மேடைக்கு உள்ளங்கை அளவு அட்டை ஒன்று, அதில் 5 சொல். ஒருவர் முடித்து அடுத்தவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும், இழுபறி வருவது அங்கேதான். கடைசி ஒத்திகையில் பகுதிகளை மாற்றிப் பேசிப் பாருங்கள். ஒருவர் வராமல் போனாலும் பிழைக்கலாம், கேள்வி நேரத்தில் "அது அவள் பகுதி" என்று சொல்லும் அவலமும் வராது.

முடிந்த பிறகு

இதுவரை சொன்னதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது இந்தப் பகுதி. பின்னோக்கிப் பார்த்து எழுதுங்கள் என்றால் எல்லாக் குழுவும் எழுதும் வரி, "குழுவாக இணைந்து செயல்படக் கற்றுக்கொண்டோம், நேர மேலாண்மையின் முக்கியத்துவத்தை உணர்ந்தோம்" என்பது. எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வரி எதையும் சொல்வதில்லை. அதையே இப்படி எழுத வைக்க வேண்டும்: "4ஆம் ஸ்லைடில் 42இலிருந்து 2 சதவீதம் என்று சொன்னோம். யார் செய்த வேலை என்று கேட்டபோது பதில் வரவில்லை. சுகாதார ஆணையம் எங்கள் குறிப்பில் இருந்தது, நேரத்துக்காகப் பேச்சிலிருந்து வெட்டிவிட்டோம். வெட்டியிருக்க வேண்டியது குழந்தைப் பருவம்." ஸ்லைடு எண், நடந்தது, காரணம், மாற்று என்ற நான்கும் இருந்தால்தான் ஏற்றுக்கொள்வது என்று ஆசிரியர் முன்பே சொல்லிவிட வேண்டும். எழுத வேண்டிய நேரம் அதே நாள், பேசி முடித்த சூட்டில், 10 நிமிடம். ஒரு வாரம் கழித்து எழுதினால் பழைய பொதுவரிகள்தான் வரும்.

ஆனால் பேசியவர்களின் நினைவு பாதி ஆதாரம்தான். கேட்டவர்களின் நினைவை மறுநாள் சோதிக்க வேண்டும். அடுத்த வகுப்பின் முதல் 4 நிமிடத்தில் எல்லாருக்கும் அரைத்தாள் கொடுத்து, பெயரில்லாமல், குறிப்பைப் பார்க்காமல் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: இவரால் என்ன மாறியது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டுகளைப் பேசிய குழுவே நான்கு குவியலாகப் பிரிக்கட்டும்: பெயரும் ஆண்டும் மட்டும், சம்பவம் மட்டும், மாற்றமும் காரணமும், தவறான செய்தி. 30 பேர் வகுப்பில் மூன்றாவது குவியலில் 15 சீட்டு வந்தால் நல்ல பிரசன்டேஷன். முதல் குவியல் உயரமாக இருந்தால் மைய வாக்கியம் ஸ்லைடில் இல்லை, அல்லது ஒரே முறைதான் சொல்லப்பட்டிருக்கிறது.

நான்காவது குவியல்தான் பொக்கிஷம். ரோசா பார்க்ஸ் குழு, அவர் உடல் களைப்பால் எழவில்லை என்பது தவறான கதை என்று விளக்கியிருக்கும். அவர் சிவில் உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளையில் செயலாளராகப் பல ஆண்டு உழைத்தவர், அதே நகரத்தில் 1955 மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண்ணும் இதே காரணத்துக்காகக் கைதானார் என்றெல்லாம் சொல்லியிருக்கும். இருந்தும் சீட்டில் "களைப்பாக இருந்ததால் எழவில்லை" என்றே வரும். காரணம், குழு அந்தத் தவறான கதையைப் பெரிய எழுத்தில் ஸ்லைடில் போட்டு, மறுப்பை வாயால் மட்டும் சொல்லியிருக்கும். கண் பார்த்தது தங்கிவிட்டது. திருத்தம்: சரியான செய்தியை ஸ்லைடில் எழுதுங்கள், தவறான கதையை வாயால் ஒரு முறை சொல்லிக் கடந்துவிடுங்கள்.

உழைப்பைப் பகிர்ந்ததற்கான மதிப்பெண்ணும் இந்த நேரத்தில்தான் முடிவாக வேண்டும். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் 100 புள்ளியைப் பிரித்துக் கொடுக்க, நால்வருக்கும் சராசரியாக 100 கிடைக்கும். நட்புக்காக எல்லாரும் 33, 33, 34 என்று போட்டுவிடுவதுதான் இதன் பலவீனம். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே "என்ன செய்தார்" என்று ஒரு வரி கட்டாயமாக்கி, மடித்து நேராக ஆசிரியரிடம் கொடுக்கச் சொன்னால் எண்கள் உண்மையை நோக்கி நகரும். ஒருவருக்கு 75க்குக் கீழே வந்தால் உடனே மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். முதலில் அவரிடமும் சோதனைக் கட்டங்கள் உள்ள நோட்டைக் காட்டி, எந்த வரி அவர் நிரப்பியது என்று கேட்க வேண்டும். பேசுவதில் கூச்சப்பட்டு, ஆதாரம் தேடுவதில் பெரும்பகுதியைச் செய்த பிள்ளைகள் அந்த நோட்டில்தான் வெளியே வருவார்கள்.

சீட்டுகளின் நான்காவது குவியலை வைத்து, குழு அடுத்த வகுப்பில் 2 நிமிடம் எழுந்து நின்று திருத்தம் சொல்ல வேண்டும். பிரசன்டேஷனுக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதியை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் எழ மாட்டார்கள். அந்தத் திருத்தமும், நான்கு கட்ட நோட்டும், ஸ்லைடின் பிடிஎஃப் பிரதியும் ஒரே உறையில் போய், அடுத்து வேறு ஆளுமையை எடுக்கும் குழுவின் கைக்கு முதல் நாளே சேர வேண்டும்.